தம்பி பைக் விபத்தில் இறந்துவிட்டான், கார் ஓட்டியவர் போனைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். வழக்கு எப்படிப் போகும்?

பொன்மலைக்காரன் கேட்டது:

வணக்கம். மோட்டார் விபத்து வழக்குகளில் அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். எனக்கோ கோர்ட் வாசலே பழக்கமில்லை.

என் தம்பிக்கு 29 வயது. துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். மாதச் சம்பளம் 24,000, பேங்கில்தான் விழும். மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை, எங்கள் அம்மா, மூன்று பேரும் அவனை நம்பி இருந்தவர்கள். போன மாதம் மதிய ஷிஃப்டுக்குப் போகும்போது திருச்சி–தஞ்சாவூர் சாலையில் மீடியன் இடைவெளியில் திரும்புவதற்காக வலது இண்டிகேட்டர் போட்டு நின்றிருக்கிறான். பின்னால் வந்த கார் அப்படியே ஏற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

கார் ஓட்டியவர் ஓடிப்போகவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 108-க்குப் போன் செய்ததே அவர்தான். ஆனால் எதிரே டீக்கடை வைத்திருப்பவர் சொல்கிறார்: காரை விட்டு இறங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டு, "மெசேஜ் வந்துச்சுன்னு குனிஞ்சேண்ணே, வண்டி நின்னதையே பாக்கல" என்று அழுதாராம். டீ குடித்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் நானே அந்த இடத்துக்குப் போனேன். பின்விளக்கின் சிவப்புத் தூள் தார் மேல் சிதறிக் கிடந்தது. தம்பியின் சாப்பாட்டு டப்பா மூடி மீடியன் அரளிச் செடிக்குள் கிடந்தது. கார் வந்த பக்கம் பிரேக் பிடித்த டயர் தடம் ஒன்றுகூட இல்லை.

எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்கிறது. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்" என்று எழுதி, பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 281, 106(1) என்று பிரிவு போட்டிருக்கிறார்கள். போன் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. அன்று சாயங்காலமே அவர் ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டார். கேட்டதற்கு, "எல்லா ஆக்சிடென்ட் கேஸும் இப்படித்தான் எழுதுவோம்" என்றார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் அவர் தரப்பில் இரண்டு பேர் வந்தார்கள். மூன்று லட்சம் தருகிறோம், ஸ்டாம்ப் பேப்பரில் சமாதானம் என்று எழுதிக் கொடுங்கள், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்றார்கள். அதற்கு அடுத்த வாரம் இன்சூரன்ஸ் பக்கம் இருந்து ஒருவர் வந்து, கேஸ் போடாமலே ஐந்து லட்சம் ஒரு மாதத்தில் வாங்கித் தருகிறேன் என்றார். போதாததற்கு, தம்பியின் ஹெல்மெட் கழன்று மண்ணில் கிடந்தது, ஸ்ட்ராப் மாட்டவில்லை போல, அதனால் நஷ்ட ஈடு குறையும் என்று ஸ்டேஷனில் ஒருவர் சொன்னது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் சாப்பிடுவதே இல்லை.

போன் பார்த்து ஓட்டி ஒரு உயிரை எடுத்தவருக்குச் சட்டத்தில் என்னதான் தண்டனை? போனை எப்படி நிரூபிப்பது? அந்த ஐந்து லட்சத்தை வாங்கலாமா? தம்பி மனைவிக்கும் குழந்தைக்கும் நாளைக்கு ஒரு வழி வேண்டும், அதே சமயம் இது வெறும் "அஜாக்கிரதை" என்று முடிந்துபோவதை என் மனம் ஒப்பவில்லை.


டெல்டா வக்கீல் எழுதியது:

முதலில் அம்மாவிடம் போய் ஒன்று சொல்லுங்கள்: ஹெல்மெட் ஸ்ட்ராப்பினால் அந்த விபத்து நடக்கவில்லை. நின்றிருந்த வண்டியைப் பின்னால் வந்து இடித்திருக்கிறார்கள். 2020 ஜனவரியில் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. அதில் ஒரு பைக்கில் மூன்று பேர் போனார்கள், பின்னால் வந்த கார் இடித்தது. மூன்று பேர் போனது தப்பு என்று உயர் நீதிமன்றம் 10 சதவீதம் பிடித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. விதியை மீறினார் என்பது மட்டும் போதாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும், அல்லது காயத்தின் கடுமைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பு. அதனால் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். உயிர் போனது தலைக்காயத்தாலா, மார்பு வயிற்றுக் காயத்தாலா என்பது அதில் இருக்கும். இரண்டாவது என்றால் ஹெல்மெட் பேச்சே எழாது.

இனி ஐந்து லட்சம். வாங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில் மரணத்துக்கு ஐந்து லட்சம் என்று நிர்ணயித்திருக்கிறார்கள், யார் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். தப்பு யார் மேல் என்று காட்ட வழியில்லாத குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. உங்களுக்கு அல்ல. அதை ஏற்றுக்கொண்டு வாங்கிவிட்டால் 166-ஆம் பிரிவில் முழு நஷ்ட ஈடு கேட்கும் மனு அதோடு காலாவதி ஆகிவிடும், சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. வந்தவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

முழு நஷ்ட ஈடு எவ்வளவு வரும் என்று தோராயமாகப் போட்டுக் காட்டுகிறேன். சம்பளம் 24,000. தனியார் பட்டறை, 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 33,600. இது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த கணக்கு. நம்பி இருந்தவர்கள் மூன்று பேர், அதனால் அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 22,400. ஒரு வருடத்துக்கு 2,68,800. வயது 29-க்கு 2009 சரளா வர்மா தீர்ப்பின்படி பெருக்கு எண் 17. ஆக 45,69,600. இதற்கு மேல் மனைவி, குழந்தை, தாய் மூன்று பேருக்கும் உறவிழப்புக்கு ஆளுக்கு 40,000 என்று அடிப்படை, அது மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும். ஈமச் சடங்குச் செலவும் எஸ்டேட் இழப்பும் தனி. எல்லாம் சேர்த்தால் 47 லட்சத்தைத் தொடும், மனுப் போட்ட நாளில் இருந்து வட்டியும் உண்டு. சம்பளம் பேங்கில் விழுந்தது உங்கள் பெரிய பலம். கையில் வாங்குகிற கூலிக்காரர் வீட்டில் இதை நிரூபிக்கவே நாங்கள் திணறுவோம்.

இந்த மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அந்தக் கெடு மறுபடி வந்துவிட்டது. பழைய ஆட்கள் "எப்ப வேணா போடலாம்" என்பார்கள், கேட்காதீர்கள். விபத்து நடந்த இடத்திலும் போடலாம், உங்கள் தம்பி மனைவி குடியிருக்கும் ஊரிலும் போடலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியவருக்கு எது வசதியோ அந்த மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்தைப் பாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. 2024 ஜூலை 1-க்கு முன்னால் என்றால் இது பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. 304-ஏ, அதிகபட்சம் இரண்டு வருடம், வெறும் அபராதத்தோடுகூட விடலாம். இப்போது பி.என்.எஸ். 106(1), ஐந்து வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஜாமீன் தரக்கூடிய குற்றம் என்பதால்தான் அன்றே வெளியே வந்தார், அதில் யாரும் சலுகை காட்டியதாக நினைக்க வேண்டாம். ஓடிப்போனவர்களுக்குப் பத்து வருடம் என்கிற 106(2) ஒன்று உண்டு. லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் போராடிய பிறகு அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். உங்கள் வழக்கில் அவர் நின்றுவிட்டதால் அது எப்படியும் வராது.

ஐந்து வருடம் "வரை" என்றுதான் இருக்கிறது, குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. ஆறு மாதமா, இரண்டு வருடமா என்பது மாஜிஸ்திரேட் முன்னால் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே போன் விஷயம் கேஸ் கட்டுக்குள் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அவருடைய வக்கீல் எழுந்து, "முன்னால் போன பைக் திடீரென்று திரும்பியது, கண நேரத்தில் நடந்துவிட்டது" என்பார். உங்கள் தம்பி அதை மறுக்க வர மாட்டார். நான் பார்த்த வழக்குகளில் குடும்பம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

கையில் போன் வைத்து ஓட்டுவது தனிக் குற்றமும்கூட. மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் சிக்னல் மீறுவதோடு இதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். உங்கள் எஃப்.ஐ.ஆரில் 184 இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள், நகலை எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

டீக்கடைக்காரர் சொன்னதுதான் உங்கள் கேஸின் உயிர். அந்த ஓட்டுநர் இதே வார்த்தையைப் போலீஸிடம் சொல்லியிருந்தால் அது சாட்சியமாகச் செல்லாது. போலீஸ் வருவதற்கு முன் பொதுமக்களிடம் தானாகச் சொன்னது செல்லும். அதனால் கடைக்காரரையும் கேட்ட அந்த இரண்டு பேரையும் விசாரித்து வாக்குமூலம் எழுதச் சொல்லி அதே மனுவில் கேளுங்கள். "அவர் போன் பார்த்தார்" என்று சுருக்கி எழுதினால் போதாது. சொன்ன சொல் அப்படியே பதிவாக வேண்டும்.

டயர் தடம் இல்லை என்றீர்கள். ஏ.பி.எஸ். (சக்கரம் இறுகிப் பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள கார் பிரேக் பிடித்தாலும் அழுத்தமான தடம் விழாமல் போகலாம், அதனால் அதை மட்டும் வைத்து நிற்க முடியாது. ஆனால் மறுநாள் போட்டோ எடுத்திருந்தால் அழிக்காதீர்கள். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரிலும் வரைபடத்திலும் பைக் எந்த லேனில் நின்றது என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை உடனே பாருங்கள். மீடியன் ஓரம் என்று இருக்க வேண்டும். நடுச்சாலை என்று இருந்தால் இன்றே ஆட்சேபணை கொடுங்கள்.


சிக்னல் டவர் எழுதியது:

நான் தொலைத்தொடர்புத் துறையில் இருக்கிறேன். வக்கீல் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்.

போலீஸ் கேட்டால் கம்பெனி கொடுக்கும் அழைப்புப் பட்டியலில் சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும்தான் தெரியும். எந்த நொடியில் தொடங்கியது, எத்தனை நொடி, எந்த டவர் என்று எல்லாம் வரும். 2021 டிசம்பரில் இருந்து இரண்டு வருடமாவது இதை வைத்திருக்க வேண்டும் என்று உரிம நிபந்தனை, அதனால் அது எங்கேயும் போய்விடாது. ஆனால் அவர் சொன்னது "மெசேஜ்". இந்தக் காலத்தில் அது வாட்ஸ்அப்பாகத்தான் இருக்கும். அது பட்டியலில் வெறும் டேட்டா பயன்பாடாகத் தெரியுமே தவிர யார், என்ன என்று தெரியாது. பட்டியலைப் பார்த்துவிட்டு "அந்த நேரத்தில் கால் எதுவும் இல்லை, ஆகவே போன் உபயோகிக்கவில்லை" என்று யாராவது எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. கவனமாக இருங்கள்.

வாட்ஸ்அப் என்றால் போனையே கைப்பற்றித் தடய அறிவியல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். திரை எப்போது விழித்தது, எந்த ஆப் திறந்திருந்தது என்பதெல்லாம் போனுக்குள் பதிவாகும். ஆனால் நாள் ஆக ஆக அந்தப் பதிவுகள் மேல் புதியவை ஏறிவிடும், போனை ரீசெட் செய்தால் அதோடு போச்சு. காரில் புளூடூத் இணைப்பு இருந்தால் அந்தத் திரையிலும் தடயம் இருக்கும். காரை விடுவிப்பதற்குள் பார்க்கச் சொல்லுங்கள்.

விபத்து நேரத்தை நிமிடக் கணக்கில் உறுதி செய்வது முக்கியம். 108-க்கு அவரே போன் செய்தார் என்றீர்கள் அல்லவா? அந்த அழைப்பின் நேரம் அழியாத சாட்சி. அதற்கு முந்தின இரண்டு மூன்று நிமிடத்தில் போனில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. பக்கத்துப் பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், பேக்கரி எங்காவது கேமரா இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள். பல இடங்களில் இரண்டு மூன்று வாரத்தில் பழைய பதிவு மேலேயே புதியது ஏறிவிடும், உங்களுக்கு ஏற்கனவே ஒரு மாதம் ஆகிவிட்டது.


காவிரிக்கரை எழுதியது:

அண்ணா, உங்கள் தம்பி மனைவியின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். என் கணவரையும் பைக்கில் போகும்போது ஒரு வேன் இடித்தது. அந்த ஓட்டுநரும் போனில் பேசிக்கொண்டு வந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அது 304-ஏ காலம்.

கிரிமினல் கேஸையும் நஷ்ட ஈட்டுக் கேஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடப்பது அரசாங்கம் போடும் கேஸ், நம் பெயர்கூட அதில் சாட்சி வரிசையில்தான் வரும். என் வழக்கில் பார்த்தவர் இரண்டு பேரும் கூண்டில் ஏறி, "சத்தம் கேட்டுத்தான் திரும்பினோம், யார் மேல் தப்பு என்று தெரியாது" என்று மாற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து என் மாமியார் கையைப் பிடித்து அழுதவர். ஓட்டுநர் விடுதலை ஆனார். பாதிக்கப்பட்டவர்களே அப்பீல் போகலாம் என்று வக்கீல் சொன்னதால் செஷன்ஸ் கோர்ட்டில் போட்டிருக்கிறேன், நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் தீர்ப்பாயத்தில் எனக்கே நஷ்ட ஈடு தீர்ப்பானது. அங்கே சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டியதில்லை, யார் பக்கம் நியாயம் அதிகம் தெரிகிறது என்று பார்க்கிறார்கள். கிரிமினல் கேஸில் விடுதலை என்பதைக் காட்டி இன்சூரன்ஸ் வக்கீல் வாதாடினார், நீதிபதி ஏற்கவில்லை. அதனால் ஒன்று போனாலும் இன்னொன்று போகாது என்று உங்கள் வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள்.

குழந்தையின் பங்கை 18 வயதுவரை பேங்கில் டெபாசிட் செய்யச் சொல்வார்கள். வட்டியை மட்டும் படிப்புச் செலவுக்கு எடுக்கலாம். இதைக் கேட்டு எங்கள் வீட்டில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதுதான் நிம்மதி. பணம் வருகிறது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எப்படி மாறுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தம்பி மனைவியின் பங்கு அவர் கணக்குக்கே போகட்டும், மாமனார் வீடு, பிறந்த வீடு யார் கணக்குக்கும் போக வேண்டாம்.

நஷ்ட ஈட்டில் இவ்வளவு பங்கு என்று பேசும் வக்கீலிடம் போகாதீர்கள், அப்படி ஃபீஸ் பேசவே கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள். ஒவ்வொரு மாவட்ட கோர்ட் வளாகத்திலும் அந்த அலுவலகம் இருக்கிறது. என் வழக்கை நடத்தியவர் அப்படிக் கிடைத்தவர்தான். ஒரு வாய்தாவைக்கூட அவர் தவறவிட்டதில்லை.


கால் டாக்ஸி எழுதியது:

நான் சென்னையில் டாக்ஸி ஓட்டுகிறேன். படித்ததும் மனசு கனத்துப்போச்சு. ஓட்டுநர் பக்கம் இருந்து ஒரு சந்தேகம். எங்களுக்கு மேப் இல்லாமல் ஒரு டிரிப்கூடப் போக முடியாது. ஆர்டர் வந்தால் ஒரு சில நொடிக்குள் அமுக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த நொடியில் கண் ரோட்டில் இருக்காது, அது உண்மை. அப்போ மேப் பார்ப்பதும் குற்றமா? அதோடு அவர் வண்டி ஓன் போர்டா (சொந்த உபயோகம்), டி போர்டா (வாடகை வண்டி)? டி போர்டு என்றால் அந்த நிமிடம் ஆப்பில் டிரிப் ஓடியதா, ஆர்டர் வந்ததா என்று கம்பெனியிடம் ரெக்கார்டு இருக்கும். அதையும் கேட்கலாமே. இன்னொன்று, அவர் அழுதார், 108-க்குப் போன் செய்தார் என்கிறீர்கள். தெரியாமல் நடந்த ஒன்றுக்கு ஐந்து வருடம் உள்ளே போட்டால் அவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும். இதைச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.


டெல்டா வக்கீல் எழுதியது:

நல்ல கேள்வி. மேப்புக்கு விதி இருக்கிறது. 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதி 21-ஐத் திருத்தி, வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், ஓட்டுநரின் கவனம் சிதறாத விதத்தில் இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். ஸ்டாண்டில் மாட்டி, குரலைக் கேட்டு ஓட்டுகிறவரை யாரும் குற்றவாளி ஆக்கப்போவதில்லை. மடியில் கிடக்கும் போனைக் குனிந்து பார்ப்பது வேறு. அந்த விதிப்படி ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்கவும் ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு, 19-ஆம் பிரிவு தருகிறது. கோர்ட் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பொன்மலைக்காரர் அதற்கும் ஒரு மனுக் கொடுக்க வேண்டும். ஆப் ரெக்கார்டு யோசனை அருமை, டி போர்டு என்றால் கண்டிப்பாகக் கேட்கச் சொல்லுங்கள்.

தண்டனை விஷயத்தில் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. அவர் நின்றதும் 108-ஐ அழைத்ததும் தண்டனையின் அளவைப் பேசும்போது அவருக்குச் சாதகமாக வரட்டும், வர வேண்டியதுதான். ஆனால் நெடுஞ்சாலையில் கண்ணை எடுத்தால் என்ன ஆகும் என்று லைசென்ஸ் வாங்கிய எவருக்கும் தெரியும். சௌரப் பக்ஷி வழக்கு என்று ஒன்று உண்டு, பஞ்சாப். இரண்டு பேர் இறந்தார்கள். கீழ் கோர்ட் கொடுத்த ஒரு வருடத்தை, நஷ்ட ஈடு கொடுத்துவிட்டார் என்பதையும் பார்த்து, உயர் நீதிமன்றம் அவர் ஏற்கனவே இருந்த 24 நாளாகக் குறைத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆறு மாதம் ஆக்கியது. பணம் கொடுத்தால் தண்டனை கரைந்துவிடும் என்ற எண்ணம் வரக்கூடாது என்பதே அங்கே அவர்கள் கவலை. அதற்கு முன்பே 2000-இல் தல்பீர் சிங் வழக்கில், இப்படி ஓட்டி உயிர் பறித்தவர்களை ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தைச் சட்டத்தில் விட்டுவிடுவதையும் அதே நீதிமன்றம் கண்டித்திருக்கிறது.

சிலர் உங்களிடம் கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்கிற பி.என்.எஸ். 105-ஆம் பிரிவைப் போடச் சொல்லி ஏற்றிவிடுவார்கள். 2006-இல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கியவர்கள் மேல் குடித்துவிட்டுக் காரை ஏற்றிய வழக்கில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் இதற்கு இணையான பழைய பிரிவு நின்றது. அப்படியும் கிடைத்தது மூன்று வருடம். போன் பார்த்ததை மட்டும் வைத்து அந்தப் பிரிவு நிற்பது மிகக் கடினம். அதற்கு அலைவதைவிட 106(1)-ஐயும் 184-ஐயும் உறுதியாக நிற்க வைப்பதில் உங்கள் சக்தியைச் செலவிடுங்கள்.

மூன்று லட்சம் சமாதானம் பற்றிச் சொல்ல மறந்துவிட்டது. 106(1) சமாதானம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் கேஸ் அதனால் முடியாது. நீங்கள் எழுதிக் கொடுத்தது மட்டும் நாளைக்கு உங்கள் சாட்சிகளைக் கலைக்கவும் தீர்ப்பாயத்தில் உங்களுக்கு எதிராக நீட்டவும் பயன்படும். கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் தம்பி மனைவியையும் எதிலும் போடவிடாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2022 விதிகளின்படி போலீஸே 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அனுப்ப வேண்டும், 10 நாளில் உங்கள் உரிமைகள் அடங்கிய படிவத்தை உங்கள் கையில் தர வேண்டும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் படிவம் வந்ததா என்று கேளுங்கள். வராவிட்டால் அதையும் மனுவில் எழுதுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் புதிய நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது.


பொன்மலைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவை உட்கார வைத்து முகமது சித்திக் தீர்ப்பைப் பற்றி வக்கீல் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் வாங்கிவிட்டோம், காரணம் மார்பு எலும்பு முறிந்து உள்ளே ரத்தம் கசிந்தது என்றுதான் இருக்கிறது. இரண்டு தரப்புக்கும் பணம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

கார் ஓன் போர்டு. கேமரா விஷயத்தில் ஒரு பங்க்கில் பதிவு அழிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு டைல்ஸ் கடையில் மட்டும் அந்த நாள் வீடியோ இருக்கிறது. இடித்த இடம் அதில் தெரியாது, ஆனால் கார் கடந்து போகும் நேரம் தெரிகிறது. முதலாளி போலீஸ் கேட்டால் தருகிறேன் என்கிறார். 184-ஐச் சேர்க்கவும், போனைக் கைப்பற்றவும், 108 அழைப்பு நேரத்தை எடுக்கவும் மனு எழுதி ஸ்டேஷனில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். பார்வை மகஜரில் மீடியன் ஓரம் என்றே இருக்கிறது.

ஒரே சிக்கல், டீக்கடைக்காரர். சொல்ல மனசு இருக்கிறது, ஆனால் பயப்படுகிறார். போலீஸ் சீருடையோடு கடைக்கு வந்து நின்றால் வியாபாரம் போய்விடும், ஸ்டேஷனுக்கு நாலு தடவை இழுப்பார்கள் என்கிறார். தம்பியைத் தூக்கி வேனில் ஏற்றியதும் அவர்தான். அவரைக் கஷ்டப்படுத்தவும் எனக்கு மனமில்லை.


டெல்டா வக்கீல் எழுதியது:

டைல்ஸ் கடை வீடியோவைக் கொடுக்கும்போது மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் சேர்த்து எழுதி வாங்கச் சொல்லுங்கள், பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி, இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவு. அது இல்லாமல் பென் டிரைவை மட்டும் கொடுத்தால் விசாரணையில் ஏற்க மாட்டார்கள்.

கடைக்காரர் பயப்பட வேண்டாம். அடிபட்டவரைத் தூக்கிவிட்டவர் என்பதால் சட்டம் அவரை நற்கருணை வீரராகத்தான் பார்க்கிறது, மோட்டார் வாகனச் சட்டம் 134-ஏ பிரிவு. சாட்சி சொல்ல அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவராகச் சம்மதித்தால், அவருக்கு வசதியான நேரத்தில், கடையிலோ வீட்டிலோ, சீருடை இல்லாமல் வந்து, ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 169 சொல்கிறது. இந்த விதி எண்ணை உங்கள் மனுவிலேயே எழுதி, அவர் கடையை மூடும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். அவரிடமும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.